புல்வெட்டு வண்டியில் பெல்ட் மாட்டச் சொன்ன கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

போன வாரம் உங்கள் அலுவலகத்திலிருந்து என் பட்டறைக்கு ஒரு வேலைச் சீட்டு வந்தது. மைதானத்தில் ஓடும் புல்வெட்டு வண்டியின் இருக்கையில் பெல்ட் ஒன்று மாட்டித் தர வேண்டும், ஓட்டுகிறவர் பயந்து கீழே குதிப்பதை அது தடுக்கும் என்று அதில் எழுதியிருந்தது. சீட்டைக் கொண்டுவந்த தம்பி இன்னொன்றும் சொன்னார். குளத்துச் சரிவில் வண்டி கவிழ்ந்து இரண்டு கால் விரல்களை இழந்த தோட்டக்கார அண்ணனின் சம்பளத்தில், வண்டியின் ரிப்பேர் செலவை மாதாமாதம் பிடிக்கப் போகிறீர்களாம். விபத்துக்குக் காரணம் அவருடைய கவனக்குறைவுதான் என்று கமிட்டி முடிவு செய்துவிட்டதாம்.

இந்த இரண்டு முடிவுகளையும் என்னால் பேசாமல் ஏற்றுக்கொள்ள முடியாது. கவிழ்ந்த வண்டியைக் கழற்றிப் பார்த்தவன் நான். அதற்குள் என்ன இருந்தது, என்ன இல்லை என்பது எனக்குத் தெரியும். நேரில் சொன்னேன், எடுபடவில்லை. அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் பெல்ட். காரில் பெல்ட் உயிரைக் காக்கும். ஆகவே இதிலும் காக்கும் என்று நினைத்திருப்பீர்கள், நல்ல எண்ணம்தான். ஆனால் காருக்குக் கூரை இருக்கிறது. கவிழ்ந்தாலும் உள்ளே இருப்பவரைச் சுற்றி இரும்புக் கூடு ஒன்று நிற்கும், அந்தக் கூட்டுக்குள்ளேயே ஆளைப் பிடித்து வைப்பதுதான் பெல்ட்டின் வேலை. உங்கள் வண்டியில் அந்தக் கூடு கிடையாது. ஓட்டுகிறவர் தலைக்கு மேல் வானம்தான். பெரிய புல்வெட்டு வண்டிகளில் இருக்கைக்குப் பின்னால் கவிழ்ச்சிக் காப்புச் சட்டம் என்று தடித்த இரும்பு வளையம் ஒன்று நிற்கும். அது நிமிர்ந்து நின்றால் பெல்ட் கட்டாயம். அது இல்லாத வண்டியிலோ, மடக்கி வைத்த வண்டியிலோ பெல்ட் போடவே கூடாது. இந்த வண்டிகளைச் செய்கிற கம்பெனிகள் கையேட்டிலேயே இதை எழுதித் தருகிறார்கள். 200 கிலோவுக்கு மேல் கனமுள்ள இரும்பு புரளும்போது அதோடு ஆளையும் சேர்த்துக் கட்டிவைத்தால், அவர் அதன் அடியில்தான் போவார். அன்றைக்கு அண்ணன் மேட்டுப் பக்கமாகக் குதித்ததால்தான் இன்று உயிரோடு இருக்கிறார். அவர் செய்த ஒரே சரியான காரியத்தைத் தடுக்க என்னிடம் பெல்ட் கேட்கிறீர்கள்.

குதித்தவருக்குப் பிறகு ஏன் விரல் போனது? பதில் இருக்கைக்கு அடியில் இருந்தது.

இந்த வகை வண்டிகளில் இருக்கைக்குக் கீழே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். ஆள் உட்கார்ந்திருக்கும் வரை இன்ஜினும் பிளேடும் ஓடும். பிளேடு சுற்றும்போது ஆள் எழுந்தால் அந்தச் சுவிட்ச் இன்ஜினை நிறுத்திவிடும், பிளேடும் சில நொடிகளில் நின்றுவிடும். விழுந்தாலும், மயங்கினாலும், குதித்தாலும் அதே கதைதான். மனிதன் இல்லாமல் பிளேடு சுற்றக்கூடாது என்பதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். உங்கள் வண்டியில் இருக்கையைத் தூக்கிப் பார்த்தபோது, சுவிட்சுக்குப் போகும் பிளக் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வயர் இரண்டையும் தோல் சீவி, ஒன்றோடொன்று முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பின் பசை காய்ந்து, தூசியும் காய்ந்த புல்லும் ஒட்டிக் கெட்டியாகிப்போயிருந்தது. அன்றோ நேற்றோ செய்த வேலை இல்லை அது. அண்ணன் குதித்த பிறகும் இன்ஜின் நிற்கவில்லை. வண்டி பக்கவாட்டில் சாய்ந்து அடிப்பக்கம் வெளியே தெரிய, பிளேடு சுற்றிக்கொண்டே இருந்தது. மழையில் நனைந்த புல்லில் சறுக்கி அவர் கால் அங்கே போனது. காலில் ரப்பர் செருப்பு. அவருக்கு ஷூ யாரும் வாங்கிக் கொடுத்திருக்கவில்லை.

அந்த வயரை முறுக்கியது யார் என்று நான் கேட்டேன். ஏன் முறுக்கினார்கள் என்றும் கேட்டேன், அதைத்தான் நீங்கள் கவனித்துக் கேட்க வேண்டும். உங்கள் வளாகத்தில் மைதானத்தைச் சுற்றித் தென்னை நிற்கிறது. மட்டை விழுகிறது, குரும்பை விழுகிறது, கொதும்பு விழுகிறது. வெட்டிக்கொண்டு போகும்போது எதிரே ஒரு மட்டை கிடந்தால் இறங்கித் தூக்கிப் போட வேண்டும். இறங்கினால் இன்ஜின் நின்றுவிடும். திரும்ப ஏறி, ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் போனால் அடுத்த மட்டை. விளையாட்டு விழாவுக்கு முன்னால் மைதானம் முடிந்தாக வேண்டும் என்று நெருக்கடி. கண்காணிப்பாளர் சொல்லி, எலக்ட்ரீஷியன் வந்து முறுக்கிவிட்டுப் போனார். ஓட்டுகிறவரைக் கேட்டுச் செய்யவில்லை. வேண்டாம் என்று சொல்கிற இடத்தில் அவரும் இல்லை. ஒப்பந்தத்தில் வந்தவர். ரப்பர் விலை விழுந்த பிறகு பால்வெட்டை விட்டுவிட்டுத் தோட்ட வேலைக்கு வந்த மனிதர். 'இப்படித்தான் ஓடும்' என்று யார் சாவியைக் கொடுத்தார்களோ, அவர்கள் சொன்னபடி ஓட்டினார்.

ஒரு ஆள் முன்கூட்டியே நடந்து மட்டையையும் கல்லையும் பொறுக்கிப் போட்டிருந்தால் வயரை முறுக்க வேண்டிய தேவையே வந்திருக்காது. அந்த ஒரு ஆளின் கூலியை மிச்சம் பிடித்ததன் விலையை இப்போது அண்ணன் தன் காலில் கொடுத்திருக்கிறார். சம்பளத்திலும் கொடுக்கச் சொல்கிறீர்கள்.

அடுத்து அந்தச் சரிவு. மேற்கே குளத்தை நோக்கி இறங்கும் அந்தப் பகுதி கண்ணுக்கு அழகாக இருக்கிறது, விருந்தினர் கார் நிறுத்துமிடத்திலிருந்து நேராகத் தெரிகிறது, அதனால் அதையும் மொட்டையாக வெட்டச் சொல்கிறீர்கள். இப்படி உட்கார்ந்து ஓட்டும் சிறிய புல்வெட்டு வண்டிகளுக்குப் பொதுவாகக் கம்பெனி சொல்லும் எல்லை 15 டிகிரி. இதை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான ரீப்பர் கட்டை, கொத்தனாரிடம் இருக்கும் ரசமட்டம், ஒரு டேப் போதும். கட்டையின் ஒரு முனையைச் சரிவில் ஊன்றி, மறுமுனையைக் கீழ்ப்பக்கமாக நீட்டி, கட்டை மட்டமாக இருப்பதாக ரசமட்டம் காட்டும்வரை தூக்கிப் பிடித்து, அந்த முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். 27 சென்டிமீட்டருக்கு மேல் வந்தால் 15 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். உங்கள் தோட்டக்காரர்கள் இரண்டு பேரை வைத்துக்கொண்டு நான் அளந்தேன். குளத்துப் பக்கம் 38 சென்டிமீட்டர் வந்தது. ஏறக்குறைய 21 டிகிரி. அதிலும் அவர் குறுக்கே ஓட்டிக்கொண்டிருந்தார். இந்த வண்டியைச் சரிவில் மேலும் கீழுமாகத்தான் ஓட்ட வேண்டும், குறுக்கே ஓட்டினால் கவிழும். ஆனால் அங்கே மேலும் கீழுமாக ஓட்டினால் கீழே வந்து திரும்புகிற இடத்தில் குளம். எப்படி ஓட்டினாலும் ஆபத்து. அந்த இடத்தில் இந்த வண்டியைச் சரியாக ஓட்டுவதற்கு ஒரு வழியும் கிடையாது. பிறகு எதைக் கவனக்குறைவு என்று எழுதினீர்கள்?

சரிவு என்றால் என்ன என்று நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மலைச்சரிவில் ரப்பர் நடுவதென்றால்கூட மண்ணை மேடை மேடையாக வெட்டித்தான் நடுகிறோம். மழையும் அப்படித்தான். ஆரல்வாய்மொழிப் பக்கத்து வறண்ட பூமியில் இல்லை உங்கள் வளாகம். இங்கே இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் பெய்கிறது, ஐப்பசி கார்த்திகையும் பெய்கிறது. புல் வருடம் முழுக்க வளர்கிறது, வருடத்தில் பாதி நாள் ஈரமாகவே இருக்கிறது. ஈரப் புல்லில் இந்த டயர் பிடிக்காது. பிரேக் போட்டாலும் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். மழை பெய்த காலையில் சரிவில் வண்டியை இறக்கச் சொன்னது தோட்டக்காரரின் முடிவு இல்லை. பதினொரு மணிக்கு விருந்தினர் வருகிறார்கள் என்று சொல்லி இறக்கினார்கள்.

இனி கல். வண்டியின் பக்கவாட்டில் வெட்டிய புல் வெளியே வரும் வாய் இருக்கிறதல்லவா, அதற்கு மேலே கீழ்நோக்கி ஒரு மூடி தொங்கும். பறக்கிற கல் நேராகப் போகாமல் தரையில் அடிக்க வேண்டும் என்பதற்காக. உங்கள் வண்டியில் அந்த மூடியைத் தூக்கி, கயிற்றுத் துண்டால் கட்டிவைத்திருந்தார்கள். ஈரப் புல் வந்து அடைத்துக்கொள்கிறதாம், அதனால் கட்டிவிட்டார்களாம். பிளேடின் நுனி எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது தெரியுமா? அமெரிக்கத் தர விதி அதற்கு வைத்திருக்கும் உச்ச வரம்பே நிமிடத்துக்கு 19,000 அடி, மணிக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். நம் மண்ணில் சரளைக்கல்லுக்குப் பஞ்சமில்லை. முந்தைய பருவத்தில் அப்படி ஒரு கல் பறந்து ஒரு பேராசிரியரின் கார்க் கண்ணாடியை உடைத்தது. அன்றைக்கே விசாரணை வைத்தீர்கள், கண்ணாடிக்குப் பணமும் கொடுத்தீர்கள். அந்த விசாரணையில் யாராவது ஒருவர் குனிந்து மூடியைப் பார்த்திருந்தால், அப்படியே இருக்கையையும் தூக்கிப் பார்த்திருந்தால் இந்தக் கடிதம் எழுத வேண்டி வந்திருக்காது. அந்த இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் ஊழியர்களின் பிள்ளைகள் விளையாடும் ஊஞ்சல் இருக்கிறது.

பிள்ளைகள் விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சின்னப் பிள்ளைகளை மடியில் உட்காரவைத்து ஒரு ரவுண்டு போவது உங்கள் வளாகத்தில் வழக்கமாகிவிட்டது. போட்டோவும் எடுக்கிறார்கள். ஆசையாகச் செய்வதுதான், கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் ஒருமுறை ஏற்றிக்கொண்டு போன பிள்ளை அடுத்த நாள் வண்டிச் சத்தம் கேட்டால் தானாகவே ஓடி வரும். ஓட்டுகிறவருக்குக் காது கேட்காது, பின்னால் வருவது தெரியாது. ரிவர்ஸ் எடுக்கும்போது நடக்கும் விபத்துகளில் அடிபடுவது பெரும்பாலும் இப்படி ஓடி வந்த சொந்தப் பிள்ளைகள்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் இந்த வண்டியை ஓட்ட 16 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்று சொல்கிறது. கூட ஏற்றிக்கொண்டு போவதை எந்த வயதிலும் கூடாது என்கிறது. ஒரே ஒரு இருக்கை வைத்த வண்டி அது, ஒரே ஒரு ஆளுக்குத்தான்.

வேறு சிலவற்றையும் பார்த்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் சூடாக இருக்கும்போதே பெட்ரோல் ஊற்றுகிறார்கள், அதுவும் கூரை தாழ்ந்த ஷெட்டுக்குள். புல் அடைத்தால் சாவியை எடுக்காமலே கையை விட்டு நோண்டுகிறார்கள். காதுக்கு எதுவும் கிடையாது. இந்தச் சத்தத்தில் நாள் முழுக்க உட்கார்ந்தால் காது போகும், அது உடனே தெரியாது என்பதால் யாரும் கவலைப்படுவதில்லை.

இப்போது சம்பளப் பிடித்தம். நான் வக்கீல் இல்லை. ஆனாலும் கூலிக்கு ஆள் வைத்துப் பட்டறை நடத்துகிறவன் என்பதால் சிலது தெரிந்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது. சேதத்துக்காகச் சம்பளத்தில் பிடிப்பதென்றால் முதலில் அவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்க வேண்டும். 1936 ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்திலும் அது இருந்தது, அதன் இடத்தில் கொண்டுவந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. அண்ணனை யாரும் கூப்பிடவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதே கமிட்டி கூடி முடித்துவிட்டது. இழப்பீட்டைப் பற்றி 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் சொன்னதும், அதன் இடத்தில் கொண்டுவந்த 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு சொல்வதும் இன்னும் தெளிவு. பாதுகாப்புச் சாதனத்தைத் தொழிலாளி தானே வேண்டுமென்று அகற்றியிருந்தால் சில சமயங்களில் முதலாளிக்குப் பொறுப்பு இல்லாமல் போகலாம். இங்கே அகற்றியது தொழிலாளி இல்லை, உங்கள் தரப்பு. ஒப்பந்தக்காரர் மூலமாக வந்தவர் என்று தட்டிக் கழிக்கவும் அவற்றில் இடமில்லை. வேலை யாருக்காக நடந்ததோ அவர்கள் முதலில் கொடுத்துவிட்டு, பிறகு ஒப்பந்தக்காரரிடம் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

உங்கள் நிறுவனத்தின் மீது எனக்கு எந்தப் பகையும் இல்லை. என் அக்கா பிள்ளைகள் அங்கேதான் படித்தார்கள். பட்டறைக்கு வருகிற வேலையில் ஒரு பங்கு உங்கள் வளாகத்திலிருந்துதான் வருகிறது. இதை எழுதினால் அந்த வேலை போகலாம் என்பதும் தெரிந்துதான் எழுதுகிறேன்.

உங்களிடம் நான் கேட்பது இவைதான்.

அண்ணனின் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடப் பிடிக்காதீர்கள். கவனக்குறைவு என்று பதிவு செய்ததை ரத்து செய்து, வயரும் மூடியும் எந்த நிலையில் இருந்தன என்பதைப் பதிவேட்டில் எழுதுங்கள். நான் எடுத்த போட்டோக்களைத் தருகிறேன், கூப்பிட்டால் வந்து சாட்சியும் சொல்கிறேன். சிகிச்சைச் செலவையும் சட்டப்படி வர வேண்டிய இழப்பீட்டையும் அவர் நடையாய் நடக்க வைக்காமல் கொடுங்கள். அவருக்கு உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று வளாகத்திலேயே கொடுக்க முடியும். நாற்றங்காலில் ஆள் குறைவு என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

வண்டியை என்னிடமோ வேறு நல்ல மெக்கானிக்கிடமோ அனுப்பி, இருக்கைச் சுவிட்சையும் மூடியையும் பழையபடி பொருத்துங்கள். பொருத்திய பிறகு சோதித்துக் காட்டச் சொல்லி எழுதி வாங்குங்கள். மைதானத்தின் நடுவே, ஆள் யாரும் பக்கத்தில் இல்லாமல், வண்டியை நிறுத்திய நிலையில் பிளேடை ஓடவிட்டு, ஓட்டுகிறவர் இருக்கையிலிருந்து கொஞ்சம் எழும்பினால் இன்ஜின் நிற்க வேண்டும். நிற்காத வண்டி அன்றைக்கு ஓடக்கூடாது. இந்தச் சோதனையை வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும், சாவி அதற்குப் பொறுப்பான ஒரே ஒருவரிடம் இருக்க வேண்டும். பெல்ட் கேட்கும் வேலைச் சீட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். வேறு பட்டறைக்கும் அனுப்பாதீர்கள்.

குளத்துச் சரிவில் இனி அந்த வண்டி இறங்கக்கூடாது. சரிவு தொடங்கும் இடத்திலும் குளத்தின் விளிம்பிலும் வண்டியின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு தள்ளி, கண்ணில் படுகிற மாதிரி கல் நட்டு வெள்ளையடியுங்கள். அந்தப் பக்கத்துப் புல்லை அரிவாளால் அறுக்கலாம். சுற்றுவட்டாரத்தில் பசு வளர்க்கும் பெண்கள் முன்பெல்லாம் வந்து அறுத்துக்கொண்டு போனார்கள், மதில் கட்டிய பிறகுதான் நின்றது. அவர்களுக்குக் கேட்டைத் திறந்துவிட்டாலே போதும். இல்லையென்றால் வெட்டிவேர் நட்டுவிடுங்கள், கரை மண்ணையும் அது பிடித்து வைக்கும். தோளில் மாட்டும் பிரஷ் கட்டரை வைத்து வெட்டுவதாக இருந்தால், வெட்டுகிற இடத்தைச் சுற்றி 15 மீட்டருக்குள் வேறு ஆள் நிற்கக்கூடாது. அதையும் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

ஓட்டப் போகிற அடுத்தவருக்கு, சாவி கொடுப்பதற்கு முன்னால் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். கூலி எதுவும் வாங்காமல் நான் வந்து சொல்லித் தருகிறேன். அவருக்கு இரும்பு முனை வைத்த ஷூ, கண்ணாடி, காதுமூடி மூன்றையும் வாங்கிக் கொடுங்கள். வண்டி கிளம்பும் முன் மட்டையும் கல்லும் பொறுக்க ஒரு ஆளைக் கூலிக்கு வையுங்கள், பொறுக்கி முடித்து அவர் வெளியே வந்த பிறகுதான் வண்டி உள்ளே போக வேண்டும். மழை பெய்து புல் காயாத நாளில், எந்த விருந்தினர் வந்தாலும், வண்டி ஷெட்டிலேயே நிற்கட்டும். பிள்ளைகள் விளையாடும் நேரத்தில் வெட்டக்கூடாது, யாருடைய பிள்ளையையும் ஏற்றக்கூடாது என்று எழுதி ஷெட் கதவில் ஒட்டுங்கள்.

விளையாட்டு விழாவுக்கு மைதானத்தை மறுபடி வெட்ட வேண்டியிருக்கும். அந்த வேலை தொடங்குவதற்கு முன்னால் எழுத்துமூலமான பதிலை அண்ணனுக்கும் எனக்கும் அனுப்பி வையுங்கள். பதில் வராவிட்டால், இதே விவரங்களையும் போட்டோக்களையும் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுவாகக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வண்டியைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக்
கல்குளம் தாலுகா, கன்னியாகுமரி மாவட்டம்